கே-பாப் விமர்சனங்களைப் படிக்கப் பழகுவது எப்படி? ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டை வைத்து ஒரு பயிற்சி

கே-பாப் என்ற தென்கொரிய பாப் இசைப் பக்கம் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “இந்தப் பாட்டை ஒருவர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். இன்னொருவர் சரக்கே இல்லை என்கிறார். மூன்றாமவர், வீடியோவில் பெரிய சமூக விமர்சனம் ஒளிந்திருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார். இதில் யாரை நம்புவது?”

நம்புவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். சொன்னவர் எந்தத் தேதியில், எந்த ஊரில் இருந்துகொண்டு சொன்னார் என்று முதலில் பாருங்கள். சியோலில் முதல் வாரம் ஒன்று சொல்வார்கள், அமெரிக்காவில் மூன்றாம் மாதம் வேறொன்று சொல்வார்கள், சில வருடம் கழித்து அதே ஊர்க்காரர்களே மாற்றிச் சொல்வார்கள். இவை எல்லாம் நம் கைக்கு ஒரே குவியலாக வந்து சேர்வதால்தான் குழப்பம். குவியலைப் பிரித்து அடுக்கப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்ளச் சொல்வது கொரியப் பாடகர் சை பாடிய ‘கங்னம் ஸ்டைல்’. 2012 ஜூலை 15 அன்று வெளியான சிங்கிள். பழைய பாட்டு, எல்லோரும் பார்த்தது, கல்யாண வீட்டில்கூட ஆடியது. அதனால்தான் இதைச் சொல்கிறேன். நன்றாகத் தெரியும் என்று நினைக்கும் ஒரு பாட்டில் எவ்வளவு தெரியாமல் இருந்தது என்று பார்ப்பதைவிட நல்ல பயிற்சி கிடையாது. ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

முதலில் காதையும் கண்ணையும் பிரியுங்கள்

கே-பாப்பில் பாட்டும் வீடியோவும் சேர்ந்தே வந்து இறங்கும். விமர்சனம் எழுதுகிறவர்களும் இரண்டையும் கலந்துதான் பேசுவார்கள். “பாட்டு அருமை” என்று அவர் எழுதியிருப்பது நடனத்தைப் பற்றியதாக இருக்கும். “சலிப்பு” என்று எழுதியது மெட்டைப் பற்றி மட்டும் இருக்கும். அதனால் நீங்களே முதலில் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

வீடியோ இல்லாமல் பாட்டை இரண்டு முறை கேளுங்கள். சினிமாப் பாட்டு கேட்டு வளர்ந்த நமக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். நம் பாட்டில் பெரும்பாலும் பல்லவி முதலில் வரும், சரணம் பிறகு. கொரிய பாப்பில் சரணம் முதலில் வந்து, பிறகு துடிப்பு படிப்படியாக ஏறி, அதற்கப்புறம்தான் பல்லவி வந்து விழும். நம்மைக் காக்க வைப்பதே அந்த அமைப்பின் வேலை. ‘கங்னம் ஸ்டைலில்’ இந்த ஏற்றம் வெகு துல்லியமாக அமைந்திருக்கிறது. தாளம் நெருங்கிக்கொண்டே போய், சட்டென்று எல்லாம் நின்று, வெறும் குரலில் தலைப்பு வரி மட்டும் கேட்கும். அடுத்த நொடி அடி விழும். சையும் யூ கன்-ஹியுங்கும் சேர்ந்து அமைத்த மெட்டு இது. மொழி தெரியாதவர்களும் அந்த ஓர் இடத்தில் சரியாகக் குதித்தார்களே, அதற்குக் காரணம் அந்த ஒரு நொடி நிறுத்தம் என்றுதான் நான் நம்புகிறேன்.

அப்புறம் ஒலியை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் பாருங்கள். இயக்கியவர் சோ சூ-ஹியுன். பார்ப்பதை அப்படியே எழுதுங்கள், விளக்கம் வேண்டாம். என் நோட்டில் தொடக்கக் காட்சி இப்படி இருக்கிறது: கறுப்புக் கண்ணாடி போட்ட ஆள் சாய்வு நாற்காலியில் படுத்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெண் விசிறுகிறார். கடற்கரை போலிருக்கிறது. கேமரா பின்னால் போகிறது. கடல் இல்லை, குழந்தைகள் விளையாடும் திடலின் மணல். பக்கத்தில் ஒரு சின்னப் பையன் ஆடிக்கொண்டிருக்கிறான்.

இதே வேலைதான் வீடியோ முழுக்க நடக்கிறது. பணக்காரத்தனம் போல ஓர் இடம் காட்டப்படும், பார்த்தால் அது வேறொன்றாக இருக்கும். ஆடம்பர விருந்து நடக்கும் இடம் என்று எதிர்பார்த்தால், நடுத்தர வயதுப் பெண்கள் ஆட்டம் போடும் சுற்றுலாப் பேருந்து. ராஜாங்கமாக ஒரு சிம்மாசனத்தை எதிர்பார்த்தால், கழிப்பறைப் பீங்கான். எனக்குப் பிடித்தது இரண்டு பெண்கள் இருபுறமும் வர அவர் நடந்து வரும் காட்சி. விருது விழாவில் நட்சத்திரங்கள் மேல் பொன் துகள் பொழிவதுபோல ஆரம்பிக்கும். பார்த்தால் வந்து விழுவது காகிதக் குப்பையும் நுரையும். காற்றில் அடித்து முகமெல்லாம் அப்பி வாய்க்குள்ளும் போகிறது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், அவர் மட்டும் விறைப்பாகப் பாடிக்கொண்டே நடக்கிறார். இதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டீர்கள் என்றால், யாரும் சொல்லாமலே பாதி விமர்சனம் உங்கள் கையில் இருக்கிறது.

பிறகு மூன்று சொற்களைத் தேடுங்கள்

பாட்டு முழுவதையும் மொழிபெயர்த்துப் படிக்க வேண்டும் என்று இல்லை. மூன்று சொற்கள் போதும், ஆனால் அந்த மூன்றையும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பாட்டில் அவை கங்னம், ஓப்பா, காபி.

கங்னம் என்றால் ஆற்றுக்குத் தெற்கே என்று பொருள். சியோல் நகரின் குறுக்கே கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் ஹான் ஆற்றின் தென்கரை. 1970களுக்கு முன் அது வயலும் தோட்டமுமாகக் கிடந்த இடம். பிறகு அரசே திட்டமிட்டு அடுக்குமாடிகள் கட்டியது, வடகரையின் பெயர் பெற்ற பள்ளிகளை அங்கே மாற்றியது, நில விலை ஏறியது. ஒரே தலைமுறையில் நாட்டின் மிகப் பணக்காரப் பகுதிகளில் ஒன்றாகிவிட்டது. ஆகவே ‘கங்னம் பாணி’ என்பது ஒரு கொரியர் காதில் புதுப்பணம், டியூஷன், அழகு அறுவை சிகிச்சை, விலை உயர்ந்த கார் எல்லாவற்றையும் சேர்த்து ஒலிக்கும் சொல்.

ஓப்பா என்பது ஒரு பெண் தன்னைவிட மூத்த ஆணை அழைக்கும் உறவுச்சொல். அண்ணனுக்கும் அதுதான், காதலனுக்கும் அதுதான். நம் ‘அண்ணா’ என்று நேராக மாற்றினால் பாட்டு கெட்டுவிடும். ‘மாமா’, ‘அத்தான்’ பக்கம் கொஞ்சம் சாய்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஓர் ஆண் தன்னையே ‘ஓப்பா’ என்று சொல்லிக்கொள்கிறான். “மாமா யாரு தெரியும்ல” என்று ஒருவன் நெஞ்சை நிமிர்த்துவது போன்ற தொனி.

மூன்றாவது காபி. ஒரு கோப்பைக் காபியை நிதானமாக ரசிக்கத் தெரிந்த பெண் என்று முதல் சரணம் அவளை வர்ணிக்கிறது. பிறகு அவன் தன்னைப் பற்றிச் சொல்கிறான்: காபி ஆறுவதற்குள்ளேயே ‘ஒன் ஷாட்’ அடிக்கிற ஆம்பளை. ‘ஒன் ஷாட்’ என்பது கொரியாவில் சோஜு மதுக் கிண்ணத்தை ஒரே மடக்கில் காலி செய்யும்போது சொல்லும் சொல். கொதிக்கும் காபியை அப்படிக் குடிக்கிறவனுக்கு நாகரிகமும் தெரியவில்லை, நாக்கும் வெந்திருக்கும். அவன் எந்த ஊர்க்காரன், எந்த ஊர்க்காரனாக நடிக்கிறான் என்பதை அந்த ஒரு வரி காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காபிக்குப் பின்னால் இன்னொரு கதையும் உண்டு. 2000களின் நடுவில் கொரியாவில் ‘தோன்ஜாங்-ந்யோ’ என்று ஒரு வசைச்சொல் பரவியது. சோயா விழுதுக் குழம்பை மலிவாகச் சாப்பிட்டுவிட்டு, அதைவிட விலை அதிகமான பிராண்டு காபியைக் கையில் பிடித்துக்கொண்டு திரியும் பெண் என்று கிண்டல் செய்யும் சொல். பெண்களை மட்டும் குறிவைக்கும் அந்தச் சொல்லே பெண் வெறுப்பு என்று கொரியாவிலேயே எதிர்ப்பும் எழுந்தது. இந்தப் பின்னணி தெரியாமல் எழுதப்பட்ட விமர்சனத்தையும் தெரிந்து எழுதப்பட்ட விமர்சனத்தையும் உங்களால் இப்போது ஒரு பத்தியிலேயே பிரித்துவிட முடியும்.

மொழிபெயர்ப்புக் கருவி பற்றி ஒரு வார்த்தை. கொரிய மொழியிலும் நம்மைப் போலவே எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது வழக்கம். கருவி அந்த இடத்தில் தானாக ஒரு ‘அவன்’, ‘அவள்’, ‘நான்’ போட்டுவிடும். பாடல் வரியிலும் கொரிய விமர்சனத்திலும் யார் யாரைச் சொல்கிறார்கள் என்பது இப்படித்தான் தலைகீழாகிறது. சந்தேகம் வந்தால் இரண்டு வேறு மொழிபெயர்ப்புகளை வைத்து ஒப்பிடுங்கள்.

பாடியவர் அதற்கு முன் யார்?

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். சை, இயற்பெயர் பார்க் ஜே-சங், 2012-ல் புதுமுகம் இல்லை. 2001-லேயே முதல் ஆல்பம் வந்துவிட்டது. அதன் வரிகள் சிறுவர்களுக்கு ஆகாது என்று அப்போதே சிக்கலும் வந்தது. ‘கங்னம் ஸ்டைல்’ அவருடைய ஆறாவது ஆல்பத்தின் பாட்டு. கொரியர்களுக்கு அவர் பத்து வருடமாகத் தெரிந்த குறும்புக்காரர். வீடியோவில் மஞ்சள் சூட்டில் வந்து போட்டி நடனம் ஆடும் யூ ஜே-சுக்கும், லிஃப்டில் வரும் நோ ஹோங்-சுல்லும் அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த தொலைக்காட்சி முகங்கள். ஆக, கொரியப் பார்வையாளர் சிரித்தது தெரிந்தவர்களைப் பார்த்து. வெளிநாட்டுப் பார்வையாளர் சிரித்தது முன்பின் தெரியாத ஓர் ஆளைப் பார்த்து. இரண்டும் ஒரே சிரிப்பு ஆகாது.

இப்போது தேதி வாரியாக அடுக்குங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் முக்கியமான வேலை, அவசரப்படாமல் செய்யுங்கள். நோட்டுப் பக்கத்தைக் கோடு போட்டு நான்காகப் பிரியுங்கள்: தேதி, இடம், பேசியது பாட்டையா வீடியோவையா ஆளையா, என்ன சொன்னார். நீங்கள் படிக்கும் ஒவ்வொரு கருத்தையும் அதில் ஒரு வரியாக எழுதுங்கள்.

ஜூலை கடைசியில் கொரியாவில் அது கோடைக்கால வெற்றிப் பாட்டு. நாட்டின் அதிகாரப்பூர்வப் பாட்டுத் தரவரிசையான காவோன் சார்ட்டில் ஐந்து வாரம் முதலிடம். அதற்குமேல் அதைப் பெரிய தத்துவமாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை அமெரிக்கப் பாடகர்கள் ட்விட்டரில் பகிர்கிறார்கள். அதே ஆகஸ்ட்டில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் ஒரு கட்டுரை வருகிறது: இந்த வீடியோ கங்னம் வாழ்க்கையின் போலித்தனத்தையும் கொரியாவின் வர்க்க ஏற்றத்தாழ்வையும் பகடி செய்கிறது என்று விளக்குகிறது. அந்தக் கட்டுரைக்குப் பிறகு ஆங்கிலத்தில் எழுதிய பலரும் அதே கோணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் இன்று எங்கே படித்தாலும் “இது ஆழமான சமூகப் பகடி” என்ற வரி வருகிறதே, அது ஊன்றிக்கொண்டது அந்த மாதத்தில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த வாசிப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. விளையாட்டுத் திடல் மணலும் காபி வரியும் அதற்கு நல்ல சான்றுகள். ஆனால் அது வெளியே இருப்பவர்களுக்கு விளக்குவதற்காகச் செய்யப்பட்ட வாசிப்பு. உள்ளூர்க்காரருக்கு அது விளக்கம் தேவைப்படாத சாதாரண நையாண்டி. ‘ஆழம்’ என்று நாம் சொல்வது பல நேரம் நம் தூரத்தின் அளவுதான்.

செப்டம்பர், அக்டோபரில் பிரிட்டன் சார்ட்டில் முதலிடம். ஒரு கொரியப் பாடகருக்கு அதுவே முதல் முறை. அக்டோபர் 4 இரவு சியோல் நகர மன்றத்துக்கு முன்னால் இலவச நிகழ்ச்சி, சுமார் 80,000 பேர். நவம்பரில் கொரிய அரசு பண்பாட்டு விருது கொடுக்கிறது. இப்போது அங்கே அது கோடைப் பாட்டு இல்லை, தேசப் பெருமிதம். கொரியப் பத்திரிகைகளில் அந்த மாதங்களில் வந்த பாராட்டைப் படிக்கும்போது, பாராட்டப்படுவது மெட்டா, இல்லை அமெரிக்கா கைதட்டியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதே நேரத்தில் அமெரிக்காவில் ஆசிய வம்சாவளி எழுத்தாளர்கள் சிலர் வேறொரு கேள்வி எழுப்பினார்கள். கொரியாவிலிருந்து எத்தனையோ பேர் பல வருடம் முயன்றும் திறக்காத கதவு, ஒரு குண்டான கோமாளி ஆசிய ஆணுக்கு மட்டும் ஏன் திறந்தது? அமெரிக்கர்கள் அவரோடு சேர்ந்து சிரிக்கிறார்களா, அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்களா? என்னைக் கேட்டால், அந்த ஆண்டில் எழுதப்பட்டவற்றில் இன்றும் படிக்க வேண்டியது இந்தக் கேள்விதான். பகடி பற்றிய விளக்கம் பாட்டோடு முடிந்துவிடுகிறது. இது கேட்டவர்களைப் பற்றிப் பேசுகிறது.

டிசம்பரில் பேச்சு மாறுகிறது. அமெரிக்க ராணுவத்துக்கு எதிராகப் பல வருடம் முன்பு அவர் பாடிய கடுமையான வரிகள் வெளியே வருகின்றன, அவர் மன்னிப்புக் கேட்கிறார். உங்கள் நோட்டில் இதை ‘ஆள்’ என்ற வகையில் எழுதுங்கள். அந்த வாரத்தில் பாட்டைத் திட்டி எழுதியவர்கள் பாட்டைப் பற்றி எழுதவில்லை.

எண்களை எண்களாக மட்டும் வையுங்கள்

2012 டிசம்பர் 21 அன்று யூடியூபில் 100 கோடி பார்வையைத் தொட்ட முதல் வீடியோ அது. 2014 டிசம்பரில் அன்றைய முறையால் எண்ண முடிந்த உச்சமான 214,74,83,647 என்ற எண்ணைத் தாண்டும் நிலை வந்து, எண்ணிக்கையைச் சேமிக்கும் முறையையே யூடியூப் மாற்ற வேண்டி வந்தது. இவ்வளவும் இருந்து, அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-ல் அது முதலிடம் பிடிக்கவில்லை. ஏழு வாரம் இரண்டாம் இடத்திலேயே நின்றது. மரூன் 5 குழுவின் பாட்டு மேலே இருந்தது.

காரணம் எளிது. அன்றைய கணக்கில் வானொலி ஒலிபரப்புக்குப் பெரிய பங்கு இருந்தது, யூடியூப் பார்வை சேர்க்கப்படவில்லை. கொரிய மொழிப் பாட்டை அமெரிக்க வானொலி நிலையங்கள் அவ்வளவாகப் போடவில்லை. 2013 பிப்ரவரியில் பில்போர்டு யூடியூப் பார்வையையும் கணக்கில் சேர்த்தது. ஆறு மாதம் முன்பே அப்படி இருந்திருந்தால் வரிசை மாறியிருக்கலாம். ஆகவே ஒரு சார்ட் நிலையைப் பார்த்தால், அது எதை எண்ணுகிறது என்று கேட்காமல் நகராதீர்கள்.

இன்றைய கே-பாப்பில் இது இன்னும் அவசியம். ஒரு பாட்டு வெளியாகும் நாளில் ரசிகர்கள் நேரம் குறித்துக்கொண்டு, பல கணக்குகளில் ஒரே பாட்டை ஓட விடுவார்கள். அதற்கு ‘சோங்கோங்’ என்று பெயர், ஒட்டுமொத்தத் தாக்குதல் என்று பொருள். விளம்பரமாகக் காசு கொடுத்து ஓட்டிய பார்வைகளும் 24 மணி நேர சாதனைகளில் சேர்ந்துவந்தன. 2019 செப்டம்பரில்தான் யூடியூப் அவற்றைச் சாதனைக் கணக்கிலிருந்து விலக்கியது. ரசிகர்களின் அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். அது அன்பின் அளவு. பாட்டின் தரத்துக்கு வேறு அளவுகோல் வேண்டும்.

விருதுகளிலும் அப்படியே. மியூசிக் பேங்க், இன்கிகாயோ, எம் கவுண்ட்டவுன் போன்ற வாராந்தரத் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சிகளில் கிடைக்கும் கோப்பை, டிஜிட்டல் விற்பனை, ஆல்பம் விற்பனை, வாக்கு எல்லாம் கலந்த மதிப்பெண். 2004-ல் தொடங்கிய கொரிய இசை விருதுகள் வேறு வகை; விற்பனையைப் பார்க்காமல் விமர்சகர்களும் இசைத் துறையினரும் உட்கார்ந்து தேர்ந்தெடுப்பது. 2013-ல் அந்த விருதுகளில் ஆண்டின் சிறந்த பாட்டு ‘கங்னம் ஸ்டைல்’. எண்ணைப் பார்க்காத இடமும் அதைத் தேர்ந்தெடுத்தது என்பதால், என் கணக்கில் இது 100 கோடியைவிடக் கனமான செய்தி.

இன்னொரு வகை ‘விமர்சகர்’ கொரியாவில் உண்டு, புதியவர்கள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்: ஒளிபரப்பு நிலையத்தின் தணிக்கைக் குழு. 2013 ஏப்ரலில் சையின் அடுத்த பாட்டு ‘ஜென்டில்மேன்’ வந்தபோது, பொது ஒளிபரப்பு நிலையமான கேபிஎஸ் அதன் வீடியோவை ஒளிபரப்பத் தகுதியில்லாதது என்றது. காரணம், அதில் அவர் சாலையில் வைத்திருக்கும் ‘நிறுத்தக் கூடாது’ கூம்பைக் காலால் உதைத்துத் தள்ளுகிறார். பொதுச் சொத்துக்குச் சேதம். ஒரு வீடியோ ‘தடை செய்யப்பட்டது’ என்று படித்தால் உடனே பெரிய கலகம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். எதற்காக என்று தேடுங்கள்.

படைத்தவர் சொன்னதைக் கடைசியில் படியுங்கள்

முதலிலேயே படித்துவிட்டால் நம் கண் அதன்படியே பார்க்கும், அதனால்தான் கடைசியில். சை பேட்டிக்குப் பேட்டி வேறு வேறு தொனியில் பேசியிருக்கிறார். சும்மா மக்கள் சிரிக்க, வெயில் காலத்தில் மனசு லேசாக, முடிந்தவரை அபத்தமாக ஒன்று செய்ய நினைத்தேன் என்றார். சிஎன்என் பேட்டியில், உண்மையான கங்னம்காரர்கள் தங்களை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை, அப்படி ஆக ஆசைப்படுகிறவர்கள்தான் சொல்லிக்கொள்வார்கள், அவர்களைத்தான் கிண்டல் செய்தேன் என்ற பொருளில் சொன்னார். படப்பிடிப்பைக் காட்டும் இன்னொரு வீடியோவில், மனித சமூகம் வெறுமையாக இருக்கிறது, படமெடுக்கும்போதே அது உறைத்தது என்கிறார்.

மூன்றில் எது உண்மை என்று கேட்காதீர்கள். மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவரே ஆற்றுக்குத் தென்கரையில், வசதியான வீட்டில் வளர்ந்தவர். வெளியிலிருந்து பணக்காரர்களைக் கிண்டல் செய்யும் ஏழையின் குரல் என்று அந்தப் பாட்டை யாராவது எழுதியிருந்தால், உங்கள் நோட்டில் அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இரண்டாவது பயிற்சி: வேறு மாதிரி ஒரு பாட்டு

இந்தப் பழக்கம் கைக்கு வந்ததும் பிடிஎஸ் என்ற கொரியப் பாடகர் குழுவின் ‘ஸ்பிரிங் டே’ பாட்டுக்கு வாருங்கள். 2017 பிப்ரவரி 13 அன்று வெளியானது. இங்கே நடந்தது தலைகீழ். ‘கங்னம் ஸ்டைலுக்கு’ வெளியூர்க்காரர் அர்த்தம் கொடுத்தார்கள். இந்தப் பாட்டில் அர்த்தம் வீட்டுக்குள்ளிருந்து, மெல்லப் பேச ஆரம்பித்தது.

பத்தாவது படிக்கும் என் அக்கா மகளோடு உட்கார்ந்து அதை முதன்முதலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். மலைபோலக் குவிந்த துணிகள் வரும் இடத்தில் அவளே நிறுத்தினாள். “இவ்வளவு டிரஸ் யாரோடது சித்தி? போட்டவங்க எங்க?” என்று கேட்டாள். அப்புறம் கடற்கரையில் ஒரு ஜோடிக் காலணி. கடைசியில் மொட்டை மரத்தில் கட்டித் தொங்கவிட்ட காலணிகள். குடைராட்டினத்தில் மஞ்சள் ரிப்பன். அவளை எழுதச் சொன்னேன், விளக்கம் சொல்லவில்லை. பாட்டு முழுக்க “பார்க்கணும்போல இருக்கு” என்ற ஏக்கம்தான் என்று வரிகளைப் பார்த்து அவளே சேர்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் தேதி. 2014 ஏப்ரல் 16 அன்று செவோல் என்ற பயணிகள் கப்பல் மூழ்கியது. 304 பேர் போனார்கள். அவர்களில் 250 பேர் ஆன்சான் நகரின் டான்வோன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள், சுற்றுலா போனவர்கள். மஞ்சள் ரிப்பன் அவர்களுக்காகக் காத்திருந்தவர்களின் அடையாளம். அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

விடுதிப் பெயர்ப்பலகையில் வரும் ‘ஒமேலாஸ்’ என்ற பெயர் உர்சுலா லெ குயின் 1973-ல் எழுதிய சிறுகதையின் நகரம். ஊரே மகிழ்ச்சியாக இருக்க, ஒரே ஒரு குழந்தை நிலவறையில் துன்பப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொண்டு சிலர் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடயங்களை எல்லாம் சேர்த்து ரசிகர்களும் விமர்சகர்களும் செவோல் நினைவு என்று படித்தார்கள். குழு பல வருடம் அதை நேரடியாக உறுதி செய்யவில்லை. 2020-ல் எஸ்குயர் இதழ் கேட்டபோது, அது ஒரு துயர நிகழ்வைப் பற்றியதும்தான், ஏக்கத்தைப் பற்றியதும்தான் என்ற பொருளில் குழு உறுப்பினர் ஜின் பதில் சொன்னார். அந்தக் கப்பலைத் தெரியாதவர் தன் பள்ளித் தோழியை நினைத்து இதைக் கேட்டு அழுதால், அதுவும் செல்லும். உங்கள் நோட்டில் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். ஒன்று மற்றதை அழிக்காது.

இந்தப் பாட்டு, கொரியர்கள் இசை கேட்கும் இணையத் தளமான மெலானின் சார்ட்டில் வருடக்கணக்கில் தங்கியது. ரசிகர் படை முதல் நாளில் ஏற்றிவிட முடியும். இத்தனை வருடம் தங்க வைக்க, ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாதாரண மனிதர்கள் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.

உங்கள் விமர்சனத்தை எழுதும்போது

இனி எழுதலாம். “வேற லெவல்”, “மெர்சல்” எல்லாம் நண்பனிடம் பேசும்போது இருக்கட்டும். எழுத்தில், எந்த இடம் உங்களைப் பிடித்தது என்று நிமிடம், நொடியோடு சொல்லுங்கள். மெட்டு, தாளம், பல்லவி, முணுமுணுக்க வைக்கும் வரி, இடையிசை என்று நம்மிடம் சினிமாப் பாட்டு கொடுத்த நல்ல சொற்கள் எவ்வளவோ இருக்கின்றன, அவற்றைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். வரிகளை மொழிபெயர்ப்பில் படித்தீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். நடனத்தைப் பற்றிப் பேசினால் எந்த அசைவு என்று வர்ணியுங்கள். குதிரைக் கடிவாளத்தைப் பிடித்ததுபோல மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்துத் துள்ளுவது என்று எழுதினால், பார்க்காதவருக்கும் ‘கங்னம் ஸ்டைல்’ தெரியும். கொரிய விமர்சகர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்க விரும்பினால், விமர்சகர் இம் ஜின்-மோ தொடங்கிய ‘இஸ்ம்’ இதழும், ‘ஐடல்’ எனப்படும் நட்சத்திரக் குழுக்களின் இசைக்கென்றே நடந்த ‘ஐடாலஜி’ இதழும் நல்ல தொடக்கம். சிறிய பத்திகள், வளவளப்பு கிடையாது.

எழுதி முடித்ததும் மேலே தேதியும் ஊரும் போடுங்கள். கீழே அரைப் பக்கம் காலியாக விடுங்கள். கொரியாவில் ‘யோக்ஜுஹேங்’ என்று ஒரு சொல் உண்டு, எதிர்த்திசை ஓட்டம். வெளியானபோது யாரும் கவனிக்காத பாட்டு பின்னாளில் சார்ட்டில் ஏறி வருவது. பிரேவ் கேர்ள்ஸ் குழுவின் ‘ரோலின்’ 2017 மார்ச்சில் வந்து அமுங்கிப் போனது. ராணுவ முகாம்களில் அவர்கள் ஆடியதையும் வீரர்கள் சேர்ந்து பாடியதையும் ஒருவர் தொகுத்து வெளியிட்ட பிறகு, 2021 மார்ச்சில் அது முதலிடத்துக்கு வந்தது. அப்போது அந்தக் குழு கலைந்துபோகும் நிலையில் இருந்தது. அந்தப் பாட்டுக்கு 2017-ல் நீங்கள் ஒரு விமர்சனம் எழுதியிருந்தால், நான்கு வருடம் கழித்து எழுத அந்த அரைப் பக்கம் போதாமல் போயிருக்கும்.